ஒரு சதுரங்க ஆட்டத்திற்கு உரை காணல்

நூலுக்கு உரை கண்டோர் பலர் உளர். ஆட்டத்திற்கும் உரை காண்பதுண்டோ என்று நண்பர் சிலர் வினவக்கூடும். உண்டு என்பதே எம் விடை. சதுரங்கம் ஆடுவோர் தம் நகர்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏட்டில் எழுதி வைக்கும் வழக்கம் மேனாடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அங்ஙனம் எழுதப்பெற்ற ஆட்டம் ஒரு சூத்திரத்தை ஒக்கும். எழுத்துக்கள் மிகச் சில. பொருளோ உள்ளே மறைந்து கிடப்பது. இன்ன காய் இன்ன கட்டத்திற்குச் சென்றது என்பதற்கு மேல் ஏடு ஒன்றும் சொல்லாது. அக்காய் ஏன் அங்குச் சென்றது, வேறெங்குச் சென்றிருக்கக் கூடும், சென்றதனால் எதிரிக்கு நேர்ந்த இடர் யாது என்பனவெல்லாம் பயில்வோன் தானே வருவித்துக் கொள்ளற்பாலன. காண்டிகையுரைக்கு இலக்கணம் கூறவந்த நன்னூலார் வினாவையும் விடையையும் அவ்வுரையின் உறுப்புக்களாக வைத்தார். நம் பழைய உரையாசிரியர்களும் கற்போன் உள்ளத்தில் எழக்கூடிய ஐயத்தைத் தாமே எழுப்பித் தாமே களைந்து செல்வர். அம்முறை சதுரங்க ஏட்டிற்கும் பெரிதும் பொருந்துவதாகும். இதனை ஓர் ஆட்டத்தைக் கொண்டு ஈண்டுக் காட்ட முற்படுகின்றோம்.

யாம் தெரிந்தெடுத்த ஆட்டம் 1858ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரத்தில், ஓர் இசைநாடக அரங்கினுள் நிகழ்ந்தது. வெண்காய் கொண்டு ஆடியவர் பால் மார்பி என்பார். இவர் அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1837இல் பிறந்தவர். ஆகலின் அன்று அவர்க்கு வயது 21. நம் கல்லூரி மாணவருட் பலரினும் ஓரிரண்டு ஆண்டே மூத்தவர் என்பதை நினைவிற் கொள்க. சட்டம் பயின்று 1857இல் பட்டம் பெற்றும், வழக்குரைத்தற்கு வேண்டிய வயது நிரம்பாமையால், அவ்விடைக் காலத்தைச் சதுரங்கத்தில் செலவிட்டார். அவ்வாண்டே நியூயார்க்கில் கூடிய அமெரிக்கச் சதுரங்கப் பேரவையில் முதற் பரிசு பெற்று, அடுத்த ஆண்டு ஐரோப்பா சென்றார்.

கருங்காய் ஆடியோர் இருவர். ஒருவர் ஜெர்மனியைச் சார்ந்த பிரன்ஸ்விக் நாட்டுக் கோமகன் இரண்டாம் கார்ல். 1830இல் குடிகள் கிளர்ந்தெழ நாட்டை இழந்து அயல்நாடுகளில் வாழ்ந்தவர். 1873இல் ஜெனிவாவில் இறந்து, தம் பெருஞ்செல்வத்தை அந்நகரத்திற்கே எழுதி வைத்தவர். மற்றவர் இசுவார் என்னும் பிரெஞ்சுப் பிரபு. இருவரும் கலந்து பேசிக் கருங்காய்களை ஒருங்கே நகர்த்தினர். கோமகன் இசையரங்கில் தமக்கென அமைந்த அறையிலும் சதுரங்கப் பலகை ஒன்று வைத்திருந்தார் என்று மார்பியுடன் ஐரோப்பாவிற் பயணம் செய்த எட்ஜ் என்பார் 1859இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளார். மேடையில் பாட்டு நடக்க, அறையில் போர் நடந்தது போலும்.

இவ்விருவரும் பொழுதுபோக்கிற்காக ஆடிய அன்பர்கள். மார்பியும் சதுரங்கத்தைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்லர். அங்ஙனம் பிறர் தம்மைக் கருதுவதை வெறுத்தவர். ஆகவே இருதிறத்தாரையும் ஆர்வம் ஒன்றே பற்றி ஆடியோர் என்னலாம். திறத்திலோ மலையும் மடுவும் போன்ற வேற்றுமை. இவ்வாட்டத்தைப் புகழ்ந்தெழுதுவோர் யாவரும் மார்பி காய்களைப் பலியிட்ட அழகையே வியந்து கூறிக் கருங்காயாரை அறிவிலார் என்று தள்ளிவிடுவர். யாம் அதற்கு உடன்படோம். வென்றவருடைய நகர்வுகள் நமக்கு வியப்பைத் தரும். தோற்றவருடைய நகர்வுகளே நமக்குப் பாடம் தரும். நாமும் ஆர்வத்தால் ஆடுவோரே. நம் கைகள் கோமகனுடைய கைகளைப் போலவே செல்லுமன்றி மார்பியின் கைகளைப் போலச் செல்லா. இவ்வுரை கருங்காய்ப் புறத்தில் அமர்ந்து எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

முதற்கண் குறியீடு. பலகையை வெண்காயார் புறத்திலிருந்து நோக்க, இடமிருந்து வலமாக உள்ள எட்டு நெடுவரிசைகளுக்கும் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று பெயர். வெண்காயார் பக்கத்துக் கிடைவரிசை 1. எதிரே கருங்காயார் பக்கத்துக் கடைசி வரிசை 8. எனவே வெள்ளை அரசன் நிற்பது ஈ1, கறுப்பு அரசன் நிற்பது ஈ8. மூலைகளில் நிற்பதை யானை என்றும், கோணலாகச் செல்வதை மந்திரி என்றும் வழங்குவோம். அரசனை அடுத்து நிற்பது அரசி. அரசனைத் தாக்குதல் முற்றுகை. தப்ப வழியில்லாத முற்றுகை இறுதி முற்றுகை. அரசனும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது கோட்டை கட்டுதல்.

இனி மூலம். காயின் பெயர் கூறாதவிடத்துக் காலாள் என்று கொள்க. 1. ஈ4, ஈ5. 2. குதிரை எஃப்3, டி6. 3. டி4, மந்திரி ஜி4. 4. டி காலாள் ஈ5ஐ வெட்டல், மந்திரி எஃப்3ஐ வெட்டல். 5. அரசி எஃப்3ஐ வெட்டல், டி காலாள் ஈ5ஐ வெட்டல். 6. மந்திரி சி4, குதிரை எஃப்6. 7. அரசி பி3, அரசி ஈ7. 8. குதிரை சி3, சி6. 9. மந்திரி ஜி5, பி5. 10. குதிரை பி5ஐ வெட்டல், சி காலாள் பி5ஐ வெட்டல். 11. மந்திரி பி5ஐ வெட்டி முற்றுகை, பி8 குதிரை டி7. 12. அரசி பக்கத்துக் கோட்டை, யானை டி8. 13. யானை டி7ஐ வெட்டல், யானை டி7ஐ வெட்டல். 14. யானை டி1, அரசி ஈ6. 15. மந்திரி டி7ஐ வெட்டி முற்றுகை, குதிரை டி7ஐ வெட்டல். 16. அரசி பி8இல் முற்றுகை, குதிரை பி8ஐ வெட்டல். 17. யானை டி8, இறுதி முற்றுகை.

ஆட்டம் முழுவதும் இவ்வளவே. ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். இதனைப் பயிலும் நெறி யாதெனின், முதன்முறை நிறுத்தாது முடிவுவரை காய்களை நகர்த்திக் கதையை மாத்திரம் அறிந்து கொள்க. இரண்டாம் முறை பலகையைத் திருப்பிக் கருங்காய்கள் தம் பக்கம் இருக்குமாறு வைத்து, ஏட்டின்மேல் ஒரு தாளை வைத்து மூடிக்கொண்டு, வெள்ளையின் நகர்வை மட்டும் வெளிப்படுத்திக் கருங்காய்க்கு யாது செய்வோம் என்று எண்ணி, எண்ணியதை எழுதிவிட்டுப் பின்பே தாளை விலக்குக. எழுதாது எண்ணுவது பயனற்றது. விடையைக் கண்டபின், யாமும் அதனையே எண்ணினோம் என்று மனம் எளிதில் பொய் சொல்லிவிடும். மூன்றாம் முறை, ஐயம் எழுந்த இடங்களில் மட்டும் நின்று ஆராய்க. அத்தகைய இடங்கள் இவ்வாட்டத்தில் மூன்று என்பது எம் கருத்து.

முதலாவது இடம் மூன்றாம் நகர்வு. அதற்கு முன் கருங்காயார் டி6இல் காலாளை வைத்து ஈ5 காலாளைத் தாங்கியது, பிலிதோர் பெயரால் வழங்கும் பழைய தற்காப்பு. பிலிதோர் என்பார் 1726 முதல் 1795 வரை வாழ்ந்த பிரெஞ்சுக்காரர், 1749இல் சதுரங்க நூல் ஒன்றை வெளியிட்டார், இசைநாடகங்களும் இயற்றியவர். இசைநாடகப் புலவர் வகுத்த தற்காப்பை இசைநாடக அரங்கிலேயே ஆடியது இனிய பொருத்தமன்றோ! இது நிற்க. மூன்றாம் நகர்வில் வெள்ளை டி4இல் காலாளை வைத்து ஈ5ஐத் தாக்க, கருங்காயார் மந்திரியை ஜி4க்குச் செலுத்தினர். எஃப்3இல் நின்ற குதிரைக்குப் பின்னே வெள்ளை அரசி இருத்தலின், குதிரை அசையின் அரசி மடியும். ஆகவே குதிரை தளையுண்டது. ஈ5 காலாளைத் தாக்கும் குதிரையைத் தளையிட்டால் காலாளுக்கு அச்சம் நீங்கும் என்பது கருங்காயார் எண்ணம். கேட்பதற்கு நன்றே. நம்முள் எத்துணைப் பேர் இதனையே செய்திருப்போம்!

இதன் குறை யாது? வெள்ளை ஈ5இல் உள்ள காலாளை வெட்டினான். கருங்காய் உடனே டி காலாளால் திருப்பி வெட்டினால் டி வரிசை திறந்துவிடும். வெள்ளை அரசி டி8இல் உள்ள கறுப்பு அரசியை வெட்டும். கறுப்பு அரசன் திருப்பி வெட்டுவான். அரசியர் இருவரும் நீங்கவே குதிரையின் தளையும் தானே அறுந்தது. அது தடையின்றி ஈ5 காலாளை வெட்டி, எஃப்7ஐயும் ஜி4 மந்திரியையும் ஒருங்கே அச்சுறுத்தும். இவ்விழப்பைத் தவிர்க்கவே கருங்காயார் தம் மந்திரியைக் குதிரைக்கு மாற்றாகக் கொடுக்க நேர்ந்தது. அதனால் வெள்ளை அரசி செலவின்றி எஃப்3இல் வந்து அமர்ந்தது. தளை என்பது தளையிட்ட பொருள் நிற்கும்வரையே தளை என்னும் நுட்பம் இங்கே விளங்கும். ஐந்து நகர்வுகள் கழிந்தபின் பலகையை நோக்குக: கருங்காய்ப் படையில் ஈ5இல் நிற்கும் ஒரு காலாளையன்றிக் களத்திற்கு வந்தோர் ஒருவருமிலர். வெளியே சென்ற ஒரே மந்திரி இரண்டு நகர்வுகளை விழுங்கிவிட்டு மடிந்தது. மூன்றாம் நகர்வில் ஈ காலாளால் டி4ஐ வெட்டியிருப்பினும், குதிரையை எஃப்6க்குக் கொணர்ந்திருப்பினும் இத்துணை இடர் இல்லை.

ஆறாம் நகர்வில் வெள்ளை மந்திரி சி4க்கு வர, எஃப்7இல் உடனே இறுதி முற்றுகை அச்சம். கருங்காயார் குதிரையை எஃப்6இல் வைத்து அரசியின் வழியை மறித்தனர். ஏழாம் நகர்வில் வெள்ளை அரசி பி3க்கு விலகி, பி7 காலாளையும், மந்திரிக்குப் பின்னே நின்று எஃப்7 காலாளையும் ஒருங்கே நோக்கியது. தன் அரசியை இரண்டாம் முறை நகர்த்துவது தொடக்கத்தில் தகாது என்று நூல்கள் கூறும். ஆயின் ஒரே நகர்வில் இரண்டு இடங்களைத் தாக்குமாயின் அவ்விதி தளர்வுறும். இலக்கணத்திற்குப் புறனடை உண்டன்றோ!

இரண்டாவது இடம் இதுவே. கருங்காயார் அரசியை ஈ7க்குக் கொணர்ந்தனர். இந்நகர்வைப் பலரும் இகழ்வர். அரசி தன் மந்திரியின் வாயிலை அடைத்து நிற்கின்றது என்பது மெய்யே. எஃப்8 மந்திரி ஆட்டம் முடியும்வரை அசையவேயில்லை. எனினும் இதன் உள்ளே ஒரு சூழ்ச்சி இருத்தலை இகழ்வோர் காணார். வெள்ளை அரசி பி7 காலாளை வெட்டுமாயின், கறுப்பு அரசி பி4க்குச் சென்று முற்றுகையிடும். பி4இலிருந்து சி3, டி2 வழியாக ஈ1 வரை கோணல் வழி திறந்து கிடக்கின்றது. வெள்ளை, அரசியை அரசிக்கு மாற்றாகக் கொடுத்தே தீர வேண்டும். ஒரு காலாளை இழந்தும் எதிரியின் கொடிய படைக்கலத்தைக் களத்தினின்று அகற்றுதல் தோற்கும் நிலையில் உள்ளோர்க்கு அரிய உபாயம். பாட்டொலிக்கிடையே இதனைக் கண்ட இருவரை அறிவிலார் என்றல் அடாது. எம் கருத்தில் கருங்காயாருடைய நகர்வுகள் அனைத்தினும் சிறந்தது இது.

மார்பி என் செய்தார்? பி7 காலாளை வெட்டி, அரசியரை மாற்றிக் கொண்டு, ஒரு காலாள் மிகுதியாக நின்று மெல்ல மெல்ல வெல்லலாம். அல்லது எஃப்7இல் மந்திரியைப் பலியிட்டு, அதனைக் கறுப்பு அரசி வெட்டியபின் பி7 வழியாக மூலை யானையைக் கவரலாம். ஆயின் தம் அரசி மூலையில் ஒதுங்கி நிற்க, கருங்காயார் எதிர்த்துப் பாய இடங் கிடைக்கும். மார்பி இரண்டனையும் விடுத்துக் குதிரையைச் சி3இல் வைத்தார். இக்காலத்துக் கணிப்பொறியை வினவின் மற்றை வழிகளாலும் வெள்ளைக்கு வெற்றியே என்று கூறும். அதனை யாம் மறுக்கவில்லை. குதிரை சி3இல் நின்றதன் நுட்பம் வேறு. பி4க்கும் ஈ1க்கும் இடையே இப்பொழுது குதிரை நிற்கின்றது. கருங்காயாருடைய முற்றுகைச் சூழ்ச்சி அற்றது. பி7 காலாளைக் கவர்வேன் என்னும் அச்சுறுத்தல் மெய்யாயிற்று. படையும் ஒன்று வெளிவந்தது, எதிரியின் வழியும் அடைபட்டது. ஒரு சொல் இருபொருள் பயந்து நிற்கும் சிலேடை போன்றது இந்நகர்வு.

கருங்காயார் சி6இல் காலாளை வைத்தனர். அதனால் ஏழாம் கிடைவரிசை திறக்க, ஈ7இல் உள்ள அரசி பி7 காலாளைக் காக்கின்றது. ஒன்பதாம் நகர்வில் வெள்ளை மந்திரி ஜி5க்கு வந்து, எஃப்6 குதிரையை அதன் பின்னுள்ள அரசியோடு தளையிட்டது. இனிக் கருங்காயார் நிலையை எண்ணிப் பார்ப்போம். எஃப்6 குதிரை அசையின் அரசி மடியும். எஃப்8 மந்திரிக்கு வழியில்லை. பி8 குதிரை டி7க்கு வரின், அரசிக்கும் பி7க்கும் இடையே நின்று காவலைக் கெடுக்கும். கை கால் கட்டப்பட்டவனிடம் எழுந்து நட என்பதுபோல, நகர்த்தியே தீர வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. அரசியைச் சி7க்கு விலக்கி மந்திரிக்கு வழி செய்திருக்கலாம். அதுவும் துன்பமே, எனினும் சிறிது பொறுக்கத் தக்க துன்பம். அவர்கள் பி5இல் காலாளைத் தள்ளினர்.

இக்காலாளைத் தள்ளியதற்கும் காரணம் உண்டு. வெள்ளை மந்திரி விரட்டப்படும். அரசியின் பார்வையில் இருந்த காலாள் பி7ஐ விட்டு நீங்கிச் சி6 காலாளின் காவலிற் சேரும். அதன்பின் குதிரை அச்சமின்றி டி7க்கு வரும். இத்துணை நலங்களை ஒரு நகர்வில் தேடினர். எதிரி அஞ்சிப் பின்வாங்குவான் என்று கொண்டதொன்றே குறை. மார்பி பின்வாங்கவில்லை. சி3 குதிரையால் பி5 காலாளை வெட்டினார்.

மூன்றாவது இடம் இதுவே. இவ்வாட்டத்தின் உயிர்நிலையும் இதுவே என்போம். தாளை இறுக மூடிக்கொண்டு இங்கே நெடும்பொழுது இருத்தல் வேண்டும். கருங்காயார் சி காலாளால் குதிரையை வெட்டினர். ஒரு காலாளுக்கு ஒரு குதிரை கிடைப்பதை யார் வேண்டாமென்பர்? ஆயின் அக்குதிரை எவ்விடத்தை விட்டு நீங்கி வந்தது என்று அவர்கள் எண்ணினாரல்லர். அது நீங்கியது சி3இலிருந்து. பி4க்கும் ஈ1க்கும் இடையே இருந்த கதவு மீண்டும் திறந்தது! ஏழாம் நகர்வில் தாமே கண்டுபிடித்த அதே சூழ்ச்சி, கறுப்பு அரசி பி4க்குச் சென்று முற்றுகையிடுதல், பத்தாம் நகர்வில் மீண்டும் அவர்கள் கைக்கு எட்டிற்று. அதனைச் செய்திருப்பின் அரசியர் இருவரும் களத்தினின்று நீங்குவர். நட்டம் இல்லாமல் இல்லை. இரண்டு காலாட்களை இழக்க நேரும். ஆட்டமும் பெரும்பாலும் தோல்வியிலேயே முடியும். எனினும் பதினேழாம் நகர்வில் மடியாது, நெடும்போர் செய்து மடியலாம். நெடும்போரில் வென்றவனும் தவறக் கூடும்.

தாமே கண்டதை அவர்கள் மறந்தது எதனால்? ஒரு வழி அடைபட்டதும் அதனை உள்ளத்திலிருந்தும் நீக்கிவிட்டனர் போலும். எட்டாம் நகர்வில் கதவு மூடியது. மூடிய கதவை மறுபடி யாரும் நோக்குவதில்லை. முன்னைய நகர்வில் ஆகாதென்று தள்ளியதை அடுத்த நகர்விலும் ஆகாதென்றே கொள்ளும் இயல்பு, ஆர்வத்தால் ஆடும் நம்மனோர் யாவர்க்கும் பொது. பலகையோ ஒவ்வொரு நகர்விலும் புதியது. இருவர் கலந்து ஆடினமையும் துணை செய்யவில்லை. குதிரை கிடைத்தது என்று ஒருவர் மகிழ மற்றவர் உடன்பட்டிருப்பார் என்று கருதுதற்கு இடமுண்டு. ஐயுறுவோன் ஒருவனாயினும் இல்லாத அவையில் இரண்டு தலை ஒரு தலையே.

எஞ்சியதை விரைந்து கூறிவிடலாம். வெள்ளை மந்திரி பி5 காலாளை வெட்டி முற்றுகையிட்டது. குதிரைக்கு இரண்டு காலாட்கள் கிடைத்தன. கறுப்பு அரசன் நடுக் களத்தில் அகப்பட்டான். பி8 குதிரை டி7இல் வந்து மறிக்க, வெள்ளை அரசி பக்கத்துக் கோட்டை கட்டிற்று. ஒரே நகர்வில் அரசன் காவலுட் சென்றான். யானை டி1இல் போர்முனைக்கு வந்தது. கருங்காயாரும் அப்பக்கமே கோட்டை கட்டினால் என்னை என வினவலாம். கட்டின், வெள்ளை மந்திரி ஏ6இல் முற்றுகையிடும். பி8 கட்டம் வெள்ளை அரசியின் பார்வையில் இருத்தலின் கறுப்பு அரசன் சி7க்கே செல்ல வேண்டும். அங்கே வெள்ளை அரசி பி7இல் வந்து இறுதி முற்றுகை. ஆதலின் யானையை டி8க்குக் கொணர்ந்து டி7ஐக் காத்தனர். பதின்மூன்றாம் நகர்வில் மார்பி ஒரு யானையைக் கொடுத்து டி7 குதிரையை வெட்டி, மற்ற யானையை டி1க்குக் கொணர்ந்தார். முன்னையதன் இடத்தில் பின்னையது வந்து நின்றது, தளையோ அவிழவில்லை. கறுப்பு அரசி ஈ6க்கு விலகி எஃப்6 குதிரையை விடுவித்தது. அரசியரை மாற்றிக் கொள்ளவும் அழைத்தது. காலங் கடந்த அழைப்பு. மந்திரி டி7 யானையை வெட்ட, குதிரை மந்திரியை வெட்ட, வெள்ளை அரசி பி8இல் தன்னையே பலியிட்டது. குதிரை அதனை வெட்டியே தீர வேண்டும். வெட்டிய குதிரை டி வரிசையை விட்டு நீங்கியது. யானை டி8இல் ஏறி நின்றது. ஜி5 மந்திரி டி8ஐயும் ஈ7ஐயும் காக்க, டி7ஐ யானை காக்க, எஃப்7இலும் எஃப்8இலும் தன் படையே வழியடைக்க, அரசன் வீழ்ந்தான்.

முடிந்த நிலையில் காய்களை எண்ணுதல் நல்லதொரு பயிற்சி. வெள்ளையிடம் அரசன், ஒரு யானை, ஒரு மந்திரி, ஏழு காலாட்கள், ஆகப் பத்து. கருங்காயாரிடம் அரசன், அரசி, ஒரு யானை, ஒரு மந்திரி, ஒரு குதிரை, ஐந்து காலாட்கள், அங்கும் பத்தே. மதிப்பால் நோக்கினோ கருங்காயார் பெருஞ்செல்வர். ஆயின் அந்த யானையும் மந்திரியும் ஆட்டம் தொடங்கிய கட்டங்களிலேயே இருக்கின்றன. எச்8 யானைக்கும் எஃப்8 மந்திரிக்கும் போர் நடந்த செய்தியே தெரியாது. வெள்ளையிடம் எஞ்சிய யானையும் மந்திரியும் இறுதி முற்றுகையில் பங்கு கொண்டன.

இன்னுமோர் எண். வெள்ளை செய்த பதினேழு நகர்வுகளில் காலாள் நகர்வு மூன்றே. நான்காம் நகர்வுக்குப்பின் வெள்ளைக் காலாள் ஒன்றும் அசையவில்லை. கருங்காயாருடைய பதினாறு நகர்வுகளில் காலாளுக்குச் சென்றவை ஆறு, எளிதில் இழந்த மந்திரிக்குச் சென்றவை இரண்டு. எஞ்சிய எட்டில் பெரும்பாலானவை எதிரி ஏவியபடி செய்தவை. பெரிய காய்களைக் களத்திற்குக் கொணர்க என்னும் விதியை நூலில் நூறு முறை படிப்பினும் மனத்திற் பதியாது. இவ்வெண்களைத் தானே கூட்டிக் கண்டவன் மறவான்.

கணிப்பொறி இவற்றையெல்லாம் ஒரு நொடியிற் சொல்லுமே, இவ்வுழைப்பு எற்றுக்கு என்பார்க்கு ஒன்று கூறுவோம். அது தீர்ப்பைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பத்தாம் நகர்வு பிழை என்று காட்டும்; ஏழாம் நகர்வில் கண்டதையே பத்தாம் நகர்வில் காணாது விட்டனர் என்று காட்டாது. மூலத்தையும் பொழிப்புரையையும் ஒருங்கே வாங்கி மூலத்தைப் படியாத மாணாக்கனைப் போல அதனைப் பயன்படுத்துவோரும் உளர். இறுதியில், தான் எழுதியதைச் சரிபார்த்தற்கு அதனை அணுகுதல் தக்கது.

இதுகாறும் கூறியவற்றை மெய்யோ என்று ஆராய விரும்பும் நண்பர் பின்வருமாறு செய்க. வெள்ளையின் பத்தாம் நகர்வு முடிந்த நிலையைப் பலகையில் நிறுத்துக. வெண்காய்கள்: அரசன் ஈ1, அரசி பி3, யானைகள் ஏ1, எச்1, மந்திரிகள் சி4, ஜி5, குதிரை பி5, காலாட்கள் ஏ2, பி2, சி2, ஈ4, எஃப்2, ஜி2, எச்2. கருங்காய்கள்: அரசன் ஈ8, அரசி ஈ7, யானைகள் ஏ8, எச்8, மந்திரி எஃப்8, குதிரைகள் பி8, எஃப்6, காலாட்கள் ஏ7, சி6, ஈ5, எஃப்7, ஜி7, எச்7. இருவர் எதிரெதிர் அமர்ந்து, கறுப்பு அரசி பி4இல் முற்றுகையிடுவதிலிருந்து தொடங்கி முடிவுவரை ஆடுக. பின்பு பலகையைத் திருப்பிப் புறம் மாற்றி மீண்டும் ஆடுக. வெள்ளை எத்தனையாவது நகர்வில் வெல்கின்றது, அல்லது வெல்லத் தவறுகின்றது என்பதைக் கண்டு, இரண்டு ஆட்டங்களையும் தேதியிட்டு எழுதி வைக்க. விடுதியில் மாலைதோறும் ஆடப்பெறும் ஆட்டங்களுள் ஏட்டில் ஏறுபவை மிகச் சில.